மூன்று சங்கிலித் தூரம்

என் அலுமாரியில் ஒரு கடிதத்தின் கார்பன் பிரதி இருக்கிறது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மறுபக்கம் தெரியும் அளவுக்கு மெல்லிய தாள். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த எட்டு வரிகள். நீல எழுத்துகள் மங்கி ஊதாவாகிவிட்டன. நான்காவது வரிக்கும் ஐந்தாவது வரிக்கும் இடையில் மட்டும் ஒரு வரி அளவு இடம் வெறுமையாகக் கிடக்கிறது. பார்க்கிறவர்களுக்கு அது தட்டச்சுப்பொறியின் உருளை கைதவறிக் கூடுதலாகச் சுழன்றதால் விழுந்த இடைவெளி போலத் தோன்றும். அது கைதவறியது அல்ல. பிறகு கையால் எழுதி நிரப்பலாம் என்று நான்தான் அந்த இடத்தை விட்டேன். நிரப்பவில்லை.

நான் கண்டி நகரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வைத்தியம் பார்த்தவன். ஊர் யாழ்ப்பாணம், படிப்பும் உத்தியோகமும் இந்த மலைகளுக்குள் கொண்டுவந்து விட்டன. அரசாங்க வேலையிலிருந்து விலகி, பஸ் நிலையத்துக்குச் சற்று அப்பால் ஒரு குறுக்குத் தெருவில் கிளினிக் வைத்தேன். பெயர்ப்பலகையில் மூன்று மொழிகளிலும் என் பெயர் இருந்தது. தமிழர்களுக்கு எதிரான கலவரம் நடந்த ஆண்டில், தெருமுனையில் இரண்டு கடைகள் எரிந்துகொண்டிருந்தபோது, கதிரையில் ஏறி அந்தப் பலகையைக் கழற்றி உள்ளே வைத்தேன். ஒரு மாதம் கழித்து மறுபடி மாட்டியபோது தமிழ் வரியின் மேல் வெள்ளைப் பெயின்ட் பூசியிருந்தேன். அப்படிச் செய்யும்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை. நான் எப்படிப்பட்டவன் என்று இதை வாசிப்பவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சேவையர் என்னிடம் வரத் தொடங்கியது அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகு, யுத்தம் உச்சத்தில் இருந்த காலத்தில். அரசாங்கத்தில் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குண்டசாலையில் மனைவியோடு குடியிருந்தார். ஒரே மகள் ரொறன்ரோவில். அவரை எல்லோரும் சேவையர் என்றே அழைத்தார்கள். மனைவிகூட மற்றவர்களிடம் பேசும்போது “சேவையர் இப்பதான் படுத்தவர்” என்றுதான் சொல்வார். காடுகளிலும் தேயிலை மலைகளிலும் சிகரெட்டும் வாயுமாக நடந்து நாட்டின் பாதியை அளந்த மனிதர். ஓய்வு பெற்ற பிறகு சிகரெட்டை விட்டார். ஆனால் அதற்குள் நீரிழிவு வந்து சேர்ந்துவிட்டது. அதற்குத்தான் என்னிடம் மருந்து எடுத்தார்.

ஒரு நாள் காலை கிளினிக்குக்கு வரும் வழியில் அவரைக் கண்டேன். மணிக்கூட்டுக் கடையின் கண்ணாடிக்கு முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, உள்ளே இருந்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்புச் சப்பாத்து பளபளத்தது. கடை முதலாளி எனக்குப் பழக்கமான முஸ்லிம் மனிதர். வாசலில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“எங்கட சேவையர் ஆறு மாசமா ஒரே மணிக்கூட்டத்தான் பாக்குறாரு, டொக்டர். பொண்ணு பாக்கப் போறவன்கூட இவ்வளவு யோசிக்க மாட்டான்.”

“வாங்கிற எண்ணமில்லை முதலாளி,” என்றார் சேவையர், திரும்பாமலே. “உம்மட மணிக்கூடு ஒவ்வொண்டும் ஒவ்வொரு நேரம் காட்டுது. எது சரி எண்டு பாக்கிறன்.”

நானும் சிரித்தேன். பிறகுதான் கவனித்தேன். அவருடைய உடம்பின் பாரம் முழுவதும் இடது காலில் இருந்தது. வலது சப்பாத்தின் நுனி மட்டும் நிலத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. குளிரான காலைநேரம், ஆனால் அவர் நெற்றியில் வியர்வை. இரண்டு மூன்று நிமிடம் கழிந்ததும் ஒன்றும் நடவாதது போல நேராக நடந்து வந்தார். அவர் மணிக்கூடு பார்க்கவில்லை, கெண்டைக்கால் வலி அடங்குவதற்காகக் காத்து நிற்கிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது.

கிளினிக்கில் சப்பாத்தைக் கழற்றச் சொன்னேன். தயங்கித் தயங்கிக் கழற்றினார். பாதத்தின் மேற்புறத்தில் விரலை வைத்தால் நாடி துடிக்க வேண்டும். இடது காலில் நூலிழை போல இருந்தது. வலது காலில் இல்லை. தோல் மினுமினுத்து, மயிர் உதிர்ந்து, குளிர்ந்து கிடந்தது. கெண்டைக்காலில் ஒரு நீளமான பழைய தழும்பு. எவ்வளவு தூரம் நடப்பீர்கள் என்று கேட்டேன்.

“மூண்டு சங்கிலி,” என்றார்.

அளவுகாரர்களின் ஒரு சங்கிலி என்பது அறுபத்தாறு அடி. “பஸ்ஸால இறங்கிற இடத்திலயிருந்து மணிக்கூட்டுக் கடைக்குச் சரியா மூண்டு சங்கிலி. அங்கயிருந்து உங்கட வாசலுக்கு ரெண்டே முக்கால். ஆரோ அளந்து வச்ச மாதிரிக் கிடக்கு.”

ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்று கேட்டபோது கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். முந்திய ஆண்டு அவர் கலகெதரவுக்குப் போயிருந்தார். அவரோடு இருபது வருடம் சங்கிலி பிடித்த சிங்களவர் ஒருவர் அங்கே இருந்தார். அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் சோதனைச் சாவடி. அந்தக் காலத்தில் பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையாக நடந்து கடக்கச் செய்வார்கள். வரிசை நீளம். மூன்று சங்கிலிக்கு மேல். அவர் நொண்டத் தொடங்கினார். நொண்டுகிற தமிழன் என்றால் அப்போது ஒரே ஒரு பொருள்தான்: சண்டையில் காயம்பட்ட போராளி. களிசானை முழங்கால் வரை சுருட்டச் சொன்னார்கள்; தழும்பைக் கண்டார்கள்; இரண்டு நாள் பொலிசில் வைத்திருந்தார்கள். பழைய சங்கிலிக்காரர் கலகெதரவிலிருந்து ஓடிவந்து, இந்தத் தழும்பு பாறையில் விழுந்ததால் வந்தது, என் கையால்தான் கட்டுப் போட்டேன் என்று சத்தியம் செய்த பிறகுதான் விட்டார்கள்.

“அதுக்குப் பிறகு நொண்டாமல் நடக்கப் பழகிட்டன்,” என்றார். “வலிச்சால் நிண்டு ஏதாவது கடையைப் பாப்பன். கடை பாக்கிறவனை ஒருத்தரும் பிடிக்கிறேல்லை.” பிறகு என் மேசையில் இருந்த பேனையைப் பார்த்தார். “டொக்டர், காலைப் பற்றி ஓர் எழுத்தும் எழுதாதேங்கோ. மருந்துத் துண்டிலயும் வேண்டாம், கொப்பியிலயும் வேண்டாம். என்ர பொக்கற்றில இருக்கிற தாளெல்லாத்தையும் அவங்கள் விரிச்சு வாசிப்பாங்கள். வீட்டில இவவுக்கும் சொல்லவேண்டாம். பயந்திடுவா.”

சரி என்றேன். கொடுக்க வேண்டிய மருந்துகளைக் கால் என்ற சொல் இல்லாமலே எழுதிக் கொடுக்க முடிந்தது. அதில் எனக்கு ஒரு சிறு பெருமைகூட இருந்தது.

அடுத்த ஆண்டு நெஞ்சுவலி வந்தது. பின்னால் யோசித்துப் பார்த்தால், அது பிந்தி வந்ததற்கும் காலே காரணம். மூன்று சங்கிலியிலேயே கால் அவரை நிறுத்திவிட்டதால், நெஞ்சு வலிக்கும் அளவுக்கு அவர் நடந்ததே இல்லை. சும்மா கதிரையில் இருக்கும்போதே வலித்தபோதுதான் மனைவி அழைத்து வந்தார். ஈசீஜியைப் பார்த்தவுடன் கொழும்புக்குப் போகவேண்டும் என்று சொல்லிவிட்டேன். அங்கே எனக்கு இரண்டு வருடம் பின்னால் படித்த சிங்கள வைத்தியர் ஒருவர் இருந்தார். இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைக்கும் வேலையை வெளிநாட்டில் பழகி வந்தவர். என்னை எப்போதும் “அய்யே” என்று அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடுவார்.

அலுமாரியில் இருப்பது அவருக்கு எழுதிய கடிதத்தின் பிரதிதான். அதை எழுதுவதற்கு இரண்டு நாட்களுக்கு முன்னால்தான் ஒரு பொலிஸ் அதிகாரி என் கிளினிக்குக்கு வந்து போயிருந்தார். மரியாதையாகத்தான் பேசினார். கால் காயத்துக்கு மருந்து கட்ட இளைஞர்கள் யாராவது வருகிறார்களா, வந்தால் அறிவிக்க வேண்டும் என்றார். போகும்போது பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்தார். வெள்ளைப் பெயின்ட் பூசிய இடம் வெயிலில் மற்ற இடங்களைவிடப் பளிச்சென்று தெரியும்.

கடிதம் அடிக்கும்போது பிற்பகல் மூன்று மணியிருக்கும். சேவையர் எனக்கு எதிரே இருந்தார். திட்டப்படங்களை எந்தப் பக்கத்திலிருந்தும் வாசித்துப் பழகியவர். தலைகீழாகவே நான் அடிப்பதை வாசித்துக்கொண்டிருந்தார். வயது, நீரிழிவு, நெஞ்சுவலி, மருந்துகள். நான்கு வரிகள். நான்காவது வரி முடிந்ததும் நான் நிறுத்தினேன். அவர் என் விரல்களைப் பார்த்தார். நான் உருளையை இரண்டு முறை சுழற்றிவிட்டு ஐந்தாவது வரிக்குப் போனேன். அவர் பெருமூச்சு விட்டுக் கதிரையில் சாய்ந்தார்.

அவர் வெளியே போய் மனைவியின் பக்கத்தில் அமர்ந்ததும் பேனையைத் திறந்தேன். அந்த இடத்தில் கையால் எழுதி உறையை ஒட்டிவிட்டால் அவருக்குத் தெரியவராது. அப்போது தெருவில் ஒரு ஜீப் வந்து நின்றது. கதவு திறக்கும் சத்தம், சப்பாத்துச் சத்தம். எதிர்ப்பக்கத்துக் கடையில் சிகரெட் வாங்கிக்கொண்டு ஜீப் போய்விட்டது. இரண்டு நிமிடம்கூட இராது. ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் நான் கடிதத்தை மடித்து உறையில் வைத்து ஒட்டிவிட்டேன். ஜீப் போன பிறகும் உறையைப் பிரிக்கவில்லை. கடிதத்தின் அடியில் இருந்தது என் பெயர். தமிழ் வைத்தியன் ஒருவன் தமிழன் ஒருவனின் காலைப் பற்றி எழுதிய கடிதம் சாவடியில் யாரோ ஒருவனின் கையில் விரிந்து கிடப்பதை நினைத்துப் பார்த்தேன். அவருக்காகத்தான் எழுதாமல் விட்டேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்காகத்தான் விட்டேன்.

மறுநாள் தொலைபேசியில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஒரு முறை எடுத்தேன். கொழும்பு லைன் கிடைக்கவில்லை. இரண்டாம் முறை எடுக்கவில்லை.

தெரியாமல் செய்த பிழை என்று சொல்லவும் எனக்கு வழியில்லை. கால் குழாய்கள் அடைத்தவருக்கு ஸ்டென்ட் வைப்பது கால் நன்றாக உள்ளவருக்கு வைப்பது போன்றதல்ல என்பது எனக்குத் தெரியும். அடைப்பு காலோடு நிற்கிற நோயல்ல. அது உடம்பின் குழாய்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது என்பதற்குக் கால் ஓர் அறிவிப்பு. அப்படிப்பட்டவர்களுக்கு ஸ்டென்ட் வைக்கும்போதே சிக்கல் அதிகம். நன்றாக வைத்து முடித்தாலும், பின்வரும் மாதங்களில் மறுபடி மாரடைப்பு வருவதும் உயிர் போவதும் மற்றவர்களைவிட அதிகம். முன்கூட்டியே அறிந்த வைத்தியர் இருதயத்துக்குக் கம்பி போகும் வழியை மாற்றுவார், மருந்தை யோசித்துக் கொடுப்பார், வீட்டுக்கு அனுப்புமுன் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்.

கொழும்பில் நடந்ததைப் பிறகு அறிந்துகொண்டேன். அக்காலத்தில் வழக்கமாகச் செய்வதுபோல வலது தொடை மடிப்பில் துளையிட்டு அங்கிருந்து கம்பியை இருதயத்துக்குச் செலுத்தப் பார்த்திருக்கிறார்கள். குழாய் சுண்ணாம்பு படிந்து கல்லாகி வளைந்து கிடந்தது. நெடுநேரம் போராடிவிட்டு இடது பக்கத்தால் போய் ஸ்டென்டை வைத்தார்கள். இருதய வேலை மிக நன்றாக முடிந்தது. முதல் நாளே நோயாளியிடம் காலில் ஏதாவது வருத்தம் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். “இல்லை, நல்லா நடப்பன்” என்று சொல்லியிருக்கிறார் சேவையர். வலது குழாயிலிருந்து உடைந்த துணுக்குகள் கீழே போய் அடைக்கத் தொடங்கியபோதும் அவர் வாய் திறக்கவில்லை. காலை மறைப்பதில் அவ்வளவு தேர்ந்திருந்தார். வேனில் கண்டிக்குத் திரும்பும் வழியில் சாவடிகளில் இறங்கிக்கூட நடந்திருக்கிறார்.

மூன்றாம் நாள் மனைவி எனக்குத் தொலைபேசி எடுத்தார். “டொக்டர், சேவையர் சப்பாத்தைக் கழட்ட விடுறாரில்லை. படுக்கையிலயும் போட்டுக்கொண்டு கிடக்கிறார்.” நான் போனபோது அறைக்குள்ளேயே மணம் இருந்தது. சப்பாத்தை நானே கழற்றினேன். விரல்கள் கறுத்து, கறுப்பு கணுக்காலைத் தாண்டியிருந்தது. மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டார். சேவையர் கூரையைப் பார்த்துக்கொண்டு, “இப்ப ஒரு சங்கிலியும் ஏலாது டொக்டர்,” என்றார்.

அடுத்த சில நாட்கள் என் வாழ்க்கையில் மிக நீளமானவை. காலை வெட்டாவிட்டால் விஷம் ஏறி இறந்துவிடுவார். வெட்டுவதென்றால் இரத்தம் உறையாதிருக்கக் கொடுத்த மாத்திரையை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் புதிதாக வைத்த ஸ்டென்டில் இரத்தம் உறைந்து இருதயம் நின்றுவிடலாம். காலுக்கும் இருதயத்துக்கும் இடையில் அவரை வைத்துப் பிய்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் மாத்திரையை நிறுத்தி, முழங்காலுக்கு மேல் வெட்டினார்கள். வெட்டிக்கொண்டிருந்த நேரம் மனைவியும் நானும் வாட்டுக்கு வெளியே ஒரு மர வாங்கில் அமர்ந்திருந்தோம். கையில் இருந்த பிளாஸ்கின் மூடியைத் திருகுவதும் திறப்பதுமாக இருந்தவர் திடீரென்று கேட்டார்.

“நீங்கள் கடிதத்தில எல்லாம் எழுதித்தானே விட்டனீங்கள், டொக்டர்?”

“ஓம்,” என்றேன்.

அவர் தலையாட்டினார். “அப்ப அவங்கள்தான் கவனிக்கேல்லை. எங்கட ஆக்களெண்டால் அவங்களுக்கு என்ன.”

அந்த ‘ஓம்’ பொய். அதற்குப் பின் வந்த மௌனம் அதைவிடப் பெரிய பொய்.

அன்று மாலை கொழும்பு வைத்தியர் என்னைத் தொலைபேசியில் பிடித்தார். “அய்யே, அவருக்குக் கால் நோய் இருந்தது உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார். சேவையர் தானாக என்னிடம் முறையிட்டதே கிடையாது என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை, முழுவதும் பொய். கொழும்பு வைத்தியர் சொன்னார்: “நான்தான் பாதத்தைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். உங்கள் கடிதத்தை நம்பிவிட்டேன். நீங்கள் எதையும் விட்டுவிடுகிற ஆளில்லையே. தெரிந்திருந்தால் மணிக்கட்டுக் குழாயால் போயிருப்பேன்.” அதன் பிறகு அவர் மாதம் ஒரு முறை, யாரிடமும் சொல்லாமல், கண்டிக்கு வந்து சேவையரைப் பார்த்துவிட்டுப் போனார். மனைவி அவருக்குத் தேநீர் கொடுக்கவில்லை. ஒரு முறை நான் இருக்கும்போதே அவருடைய முகத்துக்கு எதிரே கதவைச் சாத்தினார். அவர் முற்றத்தில் சிறிது நேரம் நின்றுவிட்டுக் காரில் ஏறிப் போனார். நான் உள்ளே கதிரையில் இருந்தேன்.

ஒற்றைக் காலோடு ஒரு தமிழன் அந்த நாட்களில் வெளியே போக முடியாது. சேவையர் போகவுமில்லை. ஒரு நாள் விடியற்காலைச் சுற்றிவளைப்பில் வீட்டுக்குள் வந்த இராணுவம் அவரைக் கட்டிலில் கண்டு, கால் எங்கே போனது, எந்தச் சண்டையில் போனது என்று ஒரு மணிநேரம் விசாரித்தது. ஆஸ்பத்திரி அட்டையைக் காட்டிய பிறகுதான் போனார்கள். நான் போய்ப் பார்த்தபோது அந்த அட்டை தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது.

“இப்ப எழுதித் தந்திருக்கினம், டொக்டர்,” என்றார். “வடிவா, முத்திரை எல்லாம் குத்தி.”

நான் அவருடைய கையைப் பிடித்தேன். மனைவி குசினிக்குள் போகும்வரை பொறுத்திருந்து சேவையர் மெல்லச் சொன்னார்: “நான் சொன்னதைக் கேட்டீங்கள் பாருங்கோ, அதுதான் நீங்கள் விட்ட பிழை. வருத்தக்காரன் சொல்லுறதை எந்த டொக்டர் கேக்கிறவர்?” சிரிப்போடுதான் சொன்னார். அவர் என்னை மன்னிக்கத்தான் அப்படிச் சொன்னார் என்று நினைக்கிறேன். ஜீப் வந்து நின்றதை அவரிடமும் நான் சொல்லவில்லை.

காலை வெட்டி ஐந்தாம் மாதம் மறுபடி மாரடைப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார். மணிக்கூட்டுக் கடை முதலாளி அன்று கடையைப் பூட்டிவிட்டு வந்து, வீட்டு வாசலில் கடைசிவரை நின்றார். “ஒரு கதிரையாவது போட்டிக்கலாம், டொக்டர்,” என்று மட்டும் என்னிடம் சொன்னார். “மனுசன் உண்மையாவே மணிக்கூடு பாக்குறாரு எண்டுதான் நான் நெனச்ச.”

மனைவி ரொறன்ரோவுக்கு மகளிடம் போய்விட்டார். வருடத்துக்கு ஒரு முறை தொலைபேசியில் பேசுவார். யுத்தம் முடிந்தது, அவருடைய குரல் முதுமையடைந்தது, ஆனால் கொழும்பு டொக்டரைப் பற்றிய பேச்சு மட்டும் ஒவ்வொரு முறையும் வந்தது. நானும் ஒவ்வொரு முறையும் ம் கொட்டினேன். அந்த வைத்தியரும் சில வருடங்களுக்கு முன் இறந்துவிட்டார். இறக்கும்வரை புதிய மாணவர்களிடம், கடிதத்தை நம்பாதீர்கள், பாதத்தைத் தொட்டுப் பாருங்கள் என்று சொல்வாராம். யாருடைய கடிதம் என்று சொன்னதில்லையாம்.

போன மாதம் சேவையரின் மனைவியும் காலமானார். மகள் தொலைபேசியில் பேசினாள். “அம்மாவின்ர முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறம், அங்கிள். அப்பாவைக் கடைசிமட்டும் பாத்தது நீங்கள்தான். ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ. அந்தக் கொழும்பு டொக்டர் செய்ததையும் எழுதுங்கோ. பேரப்பிள்ளையள் தெரிஞ்சிருக்கவேணும்.” பேரப்பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும் என்றும் சொன்னாள். மூத்தவன் சிங்கள வைத்தியர்கள் யாரிடமும் போகமாட்டானாம்.

“எழுதுறன், பிள்ளை,” என்றேன்.

எழுதியது இதுதான். இதை முதலில் அவளுக்கு அனுப்புகிறேன். மலரில் போடுவதும் போடாமல் விடுவதும் அவள் முடிவு. அவள் என்னோடு இனிப் பேசாமல் விடலாம். பேசாமல் விடுவதற்கு அவளுக்கு உரிமை உண்டு.

இன்று காலை மணிக்கூட்டுக் கடை இருந்த இடத்துக்குப் போனேன். இப்போது அது கைத்தொலைபேசிக் கடை. முதலாளியின் மகன் நடத்துகிறார். கண்ணாடிக்கு முன்னால் சிறிது நேரம் நின்றுவிட்டு, கிளினிக் இருந்த வாசல்வரை மெதுவாக நடந்தேன். ரெண்டே முக்கால் சங்கிலி. சாவடி இல்லை, வரிசை இல்லை. யாரும் என்னைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து கார்பன் பிரதியை மேசையில் விரித்தேன். நான்காவது வரிக்கும் ஐந்தாவது வரிக்கும் இடையில், மகள் வாசிப்பதற்காகத் தமிழில், பொடி எழுத்தில் எழுதினேன்: ‘இவருக்கு இரு கால்களிலும் இரத்தக் குழாய் அடைப்பு உண்டு. வலது பாதத்தில் நாடி இல்லை. மூன்று சங்கிலித் தூரத்துக்கு மேல் நடக்க முடியாது.’ கடைசி இரண்டு சொற்களை மட்டும் ஓரத்தில் வளைத்து எழுத வேண்டியிருந்தது. மற்றபடி இடம் போதுமாக இருந்தது. எழுதி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.